எங்கட கிணறு இனித்த அதிசயம்

சண்டை முடிந்து, ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று சொன்ன அடுத்த வருஷம் நடந்தது இது. மன்னார்க் கரையில் சிலாவத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் இடையில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம். சின்ன ஊர், பெயரைச் சொன்னால் என்னையும் சேர்த்துக் கண்டுபிடித்து விடுவார்கள்.

பதினேழு வயதில் உடுத்த உடுப்போடு அந்த ஊரை விட்டு வெளிக்கிட்டவள் நான். துப்பாக்கியோடு வந்தவர்கள் போகச் சொல்லி, எங்கள் முஸ்லிம் சனம் முழுக்க அப்படித்தான் வெளியேறியது. பிறகு இருபது வருஷம் புத்தளத்தில் ஓலைக் கொட்டில் வாழ்க்கை. அங்கேதான் கல்யாணம், அங்கேதான் மூன்று பிள்ளைகள், அங்கேதான் உம்மாவும் வாப்பாவும் மௌத்தானார்கள். வாப்பா கண்ணை மூடும்வரை தலையணைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தார். அதற்குள் எங்கள் காணி உறுதி, நிலம் எங்களுடையது என்று சொல்கிற பத்திரம். அவருக்குப் பிறகு அது என் தலையணைக்குக் கீழே வந்தது.

ஊருக்கு வந்து பார்த்தால் ஊர் எங்கே? எல்லாம் காடு! பள்ளிவாசலின் ஒரு சுவர் மட்டும் நின்றது. பள்ளியில் இருந்து தெற்கே நான்காவது காணி எங்களுடையது. சரி, வேலியே இல்லாத காட்டில் நான்கை எப்படி எண்ணுவது? கத்தியும் கையுமாக நான் பாட்டுக்கு வெட்டிக்கொண்டு போனேன். முள்ளுப் பற்றைக்குள் ஒரு கிணறு தெரிந்தது. "இதுதான் எங்கட கிணறு, இதுதான் எங்கட காணி!" என்று போட்டேன் ஒரு சத்தம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எதிர்த்துக் கதைக்க ஒருவரும் வரவில்லை. என்னைக் கட்டிய மாப்பிள்ளையோ புத்தளத்து ஆள், அவருக்கு என்ன தெரியும்?

கிணறு தூர்ந்து கிடந்தது. அதை இறைத்துத் துப்புரவாக்க உதவிக்கு ஒருவர் வந்தார். இந்தியாவில் அகதி முகாமில் இருந்து மனைவியோடும் தாயோடும் திரும்பி வந்த வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். பக்கத்து ஊர் மாதா கோயில் மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டார். அண்ணன் என்று கூப்பிட்டேனே தவிர, யாருடைய பிள்ளை என்று கேட்கவில்லை. நான்தானே ஊருக்கே சொந்தக்காரி மாதிரி நின்றேன்!

அவர் சேட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கிணற்றுக்குள் இறங்கினார். கிணற்றுச் சுவரில் கால் வைக்கிற குழிகள் இருக்கும் அல்லவா, கீழே பார்க்காமலே ஒவ்வொன்றிலும் கால் போய் நின்றது. பின்னால் இறங்கப் போன என் மாப்பிள்ளையைப் பார்த்து, "மூண்டாவது குழியில கால் வையாதேங்கோ, கல்லு ஆடும்" என்றார். நல்ல கெட்டிக்காரன் என்று நினைத்தேன். அதற்கு மேல் என் புத்தி போகவில்லை.

இரண்டு நாள் இறைத்தபின் புதுத் தண்ணீர் ஊறியது. அள்ளி வாயில் வைத்தால், ஐயோ, இளநீர் மாதிரி இனிக்கிறது!

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் ஒரு கிணறு நல்ல தண்ணீராக இருக்கும், இருபது அடி தள்ளி இன்னொன்று உப்பாக இருக்கும். எங்கள் கிணறு உப்பு. குளிக்க, துவைக்க மட்டும்தான். தேத்தண்ணிக்கும் சோற்றுக்கும் நான்தான் தினமும் குடத்தோடு பக்கத்துக் காணிக்குப் போவேன். அது ஒரு வேதக்காரக் குடும்பம். அந்த வீட்டு அம்மா தானே அள்ளி ஊற்றி, "காணுமா பிள்ளை?" என்று கேட்பார், நான் போதும் என்றாலும் இன்னும் ஒரு வாளி ஊற்றுவார்.

அப்படியிருக்க உப்புக் கிணறு எப்படி இனித்தது? ஒருத்தி சொன்னாள், இருபது வருஷ மழை உப்பைக் கழுவிப் போட்டுது என்று. இன்னொருத்தி சொன்னாள், அழுத கண்ணுக்கு அல்லாஹ் தந்த கூலி என்று. எனக்கு இரண்டாவது பிடித்துக்கொண்டது. ஓவென்று அழுதேன். ஊரே வந்து குடித்துப் பார்த்து, மாஷா அல்லாஹ் என்றது. அந்த அண்ணனும் ஒரு கை அள்ளிக் குடித்தார். குடித்துவிட்டுக் கிணற்றுக் கட்டை ஒருமுறை கையால் தடவிப் பார்த்தார்.

"எப்படி அண்ணன் எங்கட தண்ணி?" என்று கேட்டேன்.

"நல்ல தண்ணி, தங்கச்சி. நல்ல தண்ணி" என்றார். தேத்தண்ணி போட்டேன், குடிக்காமலே போய்விட்டார்.

வீடு கட்டித் தருகிற வீட்டுத்திட்டத்துக்குக் கிராம அதிகாரியான விதானையார் வந்து, நான் காட்டிய காணியை அளந்து எழுதிக்கொண்டு போனார். ஒரு வியாழக்கிழமை அத்திவாரத்துக்கு முளை அடிப்பதாக முடிவானது. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை ஆட்டுக்குக் குழை வெட்டத் தெற்குப் பக்கப் பற்றைக்குள் போனேன். கால் எதிலோ தட்டியது. பார்த்தால் ஒரு கிணற்றுக் கட்டு. பக்கத்தில் துவைக்கிற கல், ஒரு மூலை உடைந்தது. அதை உடைத்தது நான்தான், பத்து வயதில். அதற்கு உம்மா அடித்த அடி இன்னும் முதுகில் இருக்கிறது.

ஓடிப்போய் வாளி கொண்டு வந்து அள்ளி வாயில் வைத்தேன். உப்பு!

இது எங்கள் கிணறு என்றால், அங்கே இனிக்கிறது அந்த அம்மாவின் கிணறு. குழியைப் பாராமலே கிணற்றுக்குள் இறங்கிய கால் யாருடையது என்று அப்போதுதான் விளங்கியது. அவர் அந்த அம்மாவின் மகன், இருபது வருஷத்தில் முகம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது.

இனி நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். வெட்டிய முள்ளுக் கொப்புகளை இழுத்துப் போட்டு அந்தக் கிணற்றை மூடினேன். உண்மையைச் சொன்னால் கடதாசி எல்லாம் முதலில் இருந்து தொடங்கும். அடுத்த வீட்டுப் பட்டியல் எப்போது வருமோ? மாரி வரப்போகிறது, பிள்ளைகள் தகரத்துக்குக் கீழே கிடக்கிறார்கள். அவர்தான் கேட்கவில்லையே, எனக்கு என்ன வந்தது? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மாப்பிள்ளைக்குக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் பின்னேரம் அவர் வந்தார். கையில் ஒரு வெறும் போத்தல்.

"நாளைக்கு வெளிக்கிடுறம், தங்கச்சி. மனிசியின்ர ஆக்கள் மன்னார் டவுனுக்குக் கிட்ட கீரியில இருக்கினம், அங்க போய் இருக்கப் போறம். அம்மாவுக்குக் காய்ச்சல் மாறுதில்ல. ஊர்த் தண்ணி ஒரு வாய் வேணும் எண்டு கேக்கிறா. ஒரு போத்தல் எடுக்கலாமோ?"

தன் கிணற்றுத் தண்ணீருக்கு என்னிடம் அனுமதி கேட்டு நிற்கிறார்! போத்தலை வாங்கி நானே நிரப்பினேன். கழுத்துவரை நிரம்பியதும் என்னை அறியாமல், "காணுமா அண்ணன்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது நான்தான், ஆனால் சொல் அவருடைய அம்மாவின் சொல்.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், முள்ளுக் கொப்புகளைத் தள்ளிவிட்டுக் காட்டினேன். "இதுதான் எங்கட கிணறு அண்ணன். நேற்றே கண்டுட்டன். கண்டிட்டு மூடினனான்."

"எனக்குக் கிணத்துக்க இறங்கின அண்டைக்கே தெரியும், தங்கச்சி."

"அப்ப ஏன் வாயைத் திறக்கல்ல?"

"உங்களிட்ட உறுதி இருக்கு. எங்கட கடதாசி எல்லாம் வள்ளத்தில போகேக்க கடலோட போயிட்டுது. வந்த உடன வேதக்காரன் முஸ்லிம் ஆக்களோட காணிச் சண்டை பிடிக்கிறான் எண்டு வரவேணுமோ? அதோட நீங்கள் அழுது அழுது குடிச்சீங்கள். அந்த நேரம் எப்பிடிச் சொல்லுறது?"

அன்றைக்கே இரண்டு பேரும் விதானையாரிடம் போனோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, உறுதியைத் தாருங்கள் பார்ப்போம் என்று வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லைகளைச் சத்தமாக வாசித்தார். வடக்கு எல்லை என்ற இடத்தில் ஒருவருடைய பெயரும் அவருடைய காணியும் இருந்தன. அந்தப் பெயரைக் கேட்டதும் அண்ணன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அது அவருடைய அப்பாவின் பெயர். இருபது வருஷம் நாங்கள் தலையணைக்குக் கீழே பாதுகாத்த கடதாசிக்குள் அவர்களுடைய காணியும் இருந்திருக்கிறது! எத்தனை தரம் விரித்துப் பார்த்திருப்பேன், எங்கள் பெயரைத் தவிர வேறு எதையும் நான் வாசித்ததில்லை.

அந்தப் பட்டியலில் எனக்கு வீடு இல்லாமல் போனது. ஒரு மாரி முழுக்கத் தகரத்துக்குக் கீழே சட்டி பானை வைத்து ஒழுக்கு ஏந்தினோம். என் மாப்பிள்ளை ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, "திறக்க வேண்டிய நேரம் மூடுறாய், மூட வேண்டிய நேரம் திறக்கிறாய்" என்று என் வாயைப் பழித்துச் சிரித்தார். அடுத்த வருஷம் எங்களுக்கும் வீடு வந்தது, எங்கள் சொந்தக் காணியில்.

அண்ணன் கீரிக்குப் போகவில்லை. காய்ச்சல் மாறி அந்த அம்மாவும் வந்து சேர்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ பக்கத்துக் காணிக்காரியின்ர மகள் எல்லோ? குடத்தைத் தா" என்றார்.

இப்போது எங்கள் முற்றத்துக்கே குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. இருந்தாலும் பின்னேரம் ஆனால் நான் குடத்தோடு வேலிக் கடப்பைத் தாண்டிப் போகிறேன். தண்ணீருக்காக மட்டுமில்லை, ஒரு நாள் முழுக்க அந்த முள்ளுக் கொப்பைப் போட்டு மூடி வைத்தவள் நான்தான் என்பது எனக்கு மறந்துபோகக் கூடாது என்பதற்காகவும்தான்.