பின்வரிசைத் தோட்டாக்கள்

ஆயுதக் கிடங்கில் அவருக்குப் பெயர் களிம்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது, அவ்வளவுதான். தோட்டாப் பித்தளையில் கடுகளவு பச்சைக் களிம்பு தெரிந்தாலும் மனிதர் பெட்டியையே கீழே இறக்கிவிடுவார். "வீட்ல பாத்திரத்தையும் இப்படித்தான் உருட்டிப் பாப்பீங்களா?" என்று காவலர்கள் சீண்டுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. மாதம் ஒருமுறை பெட்டிகளை இடம் மாற்றுவார். பழைய தோட்டாக்கள் அலமாரியின் முன்வரிசைக்கு வரும். அவை சுடும் பயிற்சிக்கு. புதியவை பின்வரிசைக்குப் போகும்; அவை வெளிக்காவலுக்கு. ஒவ்வொன்றையும் விரலில் உருட்டி நெளிவு, ஆட்டம், ஈரம் பார்ப்பார். அந்தக் கிடங்கில் 'பின்னாடி' என்றால் புதுசு. அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் வரும் என்று யாருமே யோசித்ததில்லை.

அந்த மழைக்காலத்தில் கூரை ஒழுகி, முன்வரிசையில் ஒரு பெட்டி நனைந்துவிட்டது. தோட்டாக்களைத் துடைத்து, பயிற்சிக்குக்கூட யாரும் எடுத்துவிடக் கூடாதென்று பெட்டியைப் பின்னால் தள்ளி வைத்தார். சிவப்பு அட்டை கட்டுவதற்குள், மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினார். மறுநாள் காலை ஆபரேஷன் அறை வாசலில் நின்றபோது, அவர் இடத்தில் உட்கார்ந்திருந்த கிளார்க் கூப்பிட்டார்.

"கைதி வண்டிக்குத் தோட்டா கேக்கறாங்க. எதைக் கொடுக்கட்டும்?"

"பின்னாடி இருக்கறதைக் கொடுங்க. தினம் கொடுக்கறதுதானே," என்றார். பாழாய்ப்போன வாய்.

அன்று கைதி வண்டிக்குக் காவல் போனவர் அவருடைய தங்கை கணவர். கைதியை மீட்க வந்தவர்கள் வழியில் வண்டியை மறித்து அவரை வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். சாலையில் சுடாத தோட்டாக்கள் மூன்று கிடந்தன. கையில் துப்பாக்கி இருந்தும் பயந்துபோய்ச் சுடவில்லை, தோட்டாக்களை நழுவவிட்டார் என்று அதிகாரி அறிக்கை எழுதினார். செத்தவனுக்குப் பயந்தாங்கொள்ளிப் பட்டம். தங்கை தெருவில் தலைகாட்டுவதையே விட்டுவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அந்த மூன்று தோட்டாக்களும் கிடங்குக்குத் திரும்பி வந்தன. பழக்கதோஷத்தில் களிம்பு புரட்டிப் பார்த்தார். பின்பக்கத்தின் நடுவே இருக்கும் சின்ன வட்டத்தில் துப்பாக்கி ஊசி குத்தினால்தான் மருந்து பற்றும். மூன்றிலும் குத்து ஆழமாக விழுந்திருந்தது. மாப்பிள்ளை விசையை அழுத்தியிருக்கிறார், வெடிக்கவில்லை, தள்ளிவிட்டு அடுத்ததைப் போட்டு மறுபடி அழுத்தியிருக்கிறார். அறிக்கை எழுதிய புண்ணியவான் தோட்டாவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பித்தளை உறையில் பொறித்திருந்த எண் நனைந்த பெட்டியின் எண்.

சொன்னால் மாப்பிள்ளையின் மானம் நிற்கும். இவர் வேலை போகும், ஜெயிலும் வரலாம். சொல்லாவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. கழிவுப் பெட்டியில் போட்டுக் கையெழுத்திட்டால் முடிந்தது. அரை நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த அரை நாளுக்காகத் தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது அவருக்கு. பிறகு எழுந்து அதிகாரியிடம் போனார்.

"எழுதிக் கொடுத்தா நீங்கதான் மாட்டுவீங்க," என்றார் அதிகாரி.

"தெரியும் சார். பேனா கொடுங்க."

எழுதிக் கொடுத்துவிட்டு நேரே தங்கை வீட்டுக்குப் போனார். உட்காரவில்லை.

"மாப்பிள்ளை பயப்படலம்மா. மூணு தடவை அழுத்தியிருக்காரு. வெடிக்கல. நனைஞ்ச தோட்டா. கொடுக்கச் சொன்னது நான்தான்."

திட்டுவாள், அடிப்பாள் என்றுதான் வந்திருந்தார். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"முதல் தடவை வெடிக்கலைன்னதுமே அவரு ஓடியிருக்கலாம்ணா," என்றாள். "நீ பாத்து வெச்ச தோட்டாங்கற நம்பிக்கைலதான் இன்னும் ரெண்டு தடவை அழுத்தியிருக்காரு."