பச்சை சோயாவும் வெந்த பீன்ஸும்

எங்கள் வீட்டில் பீன்ஸைக் கடித்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும். வேகவிட்டால் சத்து போய்விடும் என்பது அண்ணியின் அசைக்க முடியாத கொள்கை. எந்தக் காயும் அடுப்புச் சூட்டை எட்டிப் பார்த்த கையோடு இறங்கிவிடும். அண்ணனுக்கும் எனக்கும் தாடை வலிக்கும், ஆனால் வாயைத் திறக்க மாட்டோம். திறந்தால் மறுநாள் அதுவும் கிடைக்காது.

அண்ணி வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் கோழிக்குஞ்சு வளர்ப்பவர். வெல்டிங் வேலை செய்யும் அண்ணனுக்கு அந்த ஷெட்டின் மேல் வெகுநாளாக ஒரு கண். பட்டறையை வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம் அல்லவா? இந்தத் தடவை குஞ்சுகள் சரியாக வளராவிட்டால் ஷெட்டை விட்டுக்கொடுப்பதாக அண்ணியே வீறாப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டார். காலையில் கதவைத் திறந்ததும் குஞ்சுகள் காலைச் சுற்றி ஓடிவரும் அந்த இடம்தான் அவருக்கு எல்லாமே.

ஜெயித்தே தீருவது என்று கடைத் தீவனத்தை நிறுத்தினார். மக்காச்சோளமும் சோயாவும் வாங்கித் தானே கலந்தார். சோயாவை வறுத்து அரைக்கும்படி மில்காரர் சொன்னாராம். அண்ணியிடமா? பச்சையாகவே அரைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

குஞ்சுகள் தின்றதில் குறையே இல்லை. உடம்புதான் வைக்கவில்லை. இறகு சிலிர்த்துக்கொண்டு நின்றன, எச்சம் தண்ணீராகப் போனது. சத்து போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் பச்சை சோயாவைச் சேர்த்தார். ஒரு குஞ்சு செத்தது. அன்று அண்ணி அழுதுவிட்டார். அண்ணனோ டேப்பை எடுத்துக்கொண்டு ஷெட்டை அளக்கப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

கால்நடை டாக்டரம்மா செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தார். கணையம் வீங்கியிருந்தது. பச்சை சோயாவில் புரதத்தைச் செரிக்க விடாத பொருள் ஒன்று இருக்கிறதாம். அதை ஈடுகட்ட ஓயாமல் உழைத்தே கணையம் பெருத்துவிடுமாம், இளங்குஞ்சுகள் அதைத் தாங்காதாம்.

"பக்குவமா வறுத்தா அது அடங்கிடும். சத்து எங்கயும் ஓடிடாதும்மா. அப்பதான் குஞ்சு உடம்புல சேரும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அடுப்பைப் பற்றவைத்தார். வாணலியில் சோயாவைக் கொட்டி வறுத்தார். பாதி கருகியது, பாதி பச்சையாகவே இருந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் எங்கோ கிளம்பிப் போனார். மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு பழைய பீப்பாயைச் சுமந்துகொண்டு வந்தார். அதற்குக் கைப்பிடி வைத்து, அடுப்பின் மேல் சுழலும்படி வெல்டிங் செய்திருந்தார்.

"அப்ப ஷெட்டு உங்களுக்கு வேணாமாங்க?" என்று அண்ணி கேட்டார்.

"இருக்கிற பட்டறை போதும். நீ அழுதா வீட்டுல சோறுகூட வேக மாட்டேங்குது."

பீப்பாய் சுழன்றது, தெருவே மணத்தது. மெல்ல மெல்ல குஞ்சுகளின் இறகு படிந்தது. பிறகு அவை வளர்ந்த வேகத்தில் ஷெட்டில் கால் வைக்க இடமில்லை. அண்ணி நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் அண்ணன் பீன்ஸை வாயில் போட்டார். சத்தமே வரவில்லை. என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"வெந்திருக்கே" என்றார் மெதுவாக.

"பின்ன? சின்னக் குஞ்சுங்களுக்குப் பச்சை ஒத்துக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல" என்றார் அண்ணி.

நாங்கள் இரண்டு பேரும் தட்டை நீட்டினோம்.