சொல்லாமல் கிளம்பியவர்

பிள்ளைகளே, எல்லையில் சண்டை மூண்ட வாரம் நீங்கள் லீவுக்குக் கீரனூர் போயிருந்தீர்கள். அதனால் நம் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

என் தம்பி, உங்கள் சித்தப்பா, அப்போது காஷ்மீரில் பட்டாளத்தில் இருந்தான். பக்கத்து நாடும் நம் நாடும் ஒரே மலைக்குச் சொந்தம் கொண்டாடி ஒன்றின் மேல் ஒன்று குண்டு போட்டுக்கொண்டிருந்தன. மூன்று நாளாக அவனுக்குப் போன் போகவில்லை. டிவியில் கோட் போட்ட ஒருவர் இன்னும் அடி, இன்னும் அடி என்று கத்தினார். பட்டாளத்துக்காரன் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டால்தான் அது எப்படி வலிக்கும் என்று தெரியும். ரிமோட்டைப் பீரோ மேல் தூக்கிப் போட்டேன். சித்தி சார்ஜரில் கிடந்த போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்று அரிமளத்திலிருந்து சித்தியின் பெரியப்பா மகன் வந்தார். கொடுத்த காபியைத் தொடவில்லை. "என்னத்தா செய்யிறது, நம்ம கையிலயா இருக்கு" என்றார். பிறகு துண்டைத் தோளில் போட்டு, போயிட்டு வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலில் இறங்கினார்.

நம் பக்கம் இழவு வீட்டிலிருந்துதான் அப்படிக் கிளம்புவோம். அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. காலையிலிருந்து செய்தி பார்த்துப் பார்த்து, மனசு தானாக அந்த வழக்கத்துக்குப் போய்விட்டது. ஆனால் சித்தி கவனித்துவிட்டாள். அவள் கை தாலியைப் பிடித்தது.

செருப்புப் போடாமல் ஓடி, அவர் வண்டிச் சாவியை உருவினேன்.

"மச்சான், எறங்குங்க."

"என்ன மாப்ள, வெயிலு மண்டையப் பொளக்குது."

"சொல்லாமப் போறீங்களே, எந்த வீட்டுக்கு வந்தீங்க?"

அவர் முகம் வெளுத்தது. "அய்யய்யோ, மறதியில மாப்ள..."

"உள்ள வந்து காப்பியக் குடிங்க. ஒங்க தங்கச்சிகிட்டச் சொல்லிட்டுக் கெளம்புங்க. அதுவரைக்கும் சாவி எங்கிட்ட."

ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தார். "போயிட்டு வாரேன் ஆத்தா, போயிட்டு வாரேன்!" என்று எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும்படி கத்தினார்.

மூன்று நாளில் முதல் தடவையாகச் சித்தி வாய் திறந்தாள். "ஒரு தடவ சொன்னாப் போதும்ணே. காது கேக்குது."

அதற்குப் பிறகு வந்தவர்களிடம் வாசலிலேயே சொன்னேன்: "இங்க யாரும் சாகல. சொல்லிட்டுத்தான் போகணும்." திமிர் என்றார்கள். திமிர்தான். தம்பி இருக்கிறானா என்று எனக்கும் தெரியாது. தெரியாதபோது அவனை முடித்துவைக்க எவருக்கும் உரிமை இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒருவன் இப்படி வாசலில் நின்று மல்லுக்கட்டியிருப்பான்.

சண்டையை நிறுத்திய மறுநாள் காலை போன் அடித்தது. சித்தி ஸ்பீக்கரில் போட்டாள். தம்பி இரண்டு நிமிடம்தான் பேசினான். "சரி, வைக்கவா?" என்றான்.

"வைக்கவாவா? போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு வைங்க."

"நான் எங்கடி போறேன், இங்கனதான இருக்கேன்?"

"சொல்லுங்க."

சொன்னான்.