நானூறு அக்கா எழுதிய தப்பு

அரசு விதைப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு நானூறு அக்கா என்று பெயர். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் வரும் மாதிரியில் நானூறு நெல்லை எண்ணி எடுப்பாள். ஈரத் தாளில் நூறு நூறாகப் பரப்பி, பாய் போலச் சுருட்டி, முளைப்பு அறைக்குள் நிறுத்தி வைப்பாள். பதினான்காம் நாள் பிரித்து, முளைத்தது எத்தனை, செத்தது எத்தனை என்று எழுதுவாள். நூற்றுக்கு எண்பது முளைத்தால் பாஸ். எழுபத்தொன்பது என்றால் கொம்பன் வந்து சிபாரிசு செய்தாலும் பெயில். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. வீட்டில் தட்டில் சோறு விழுந்தாலும் ஒரு நொடி உற்றுப் பார்ப்பாள். "என்ன, சோத்துல முளை விட்டிருக்கா?" என்று பஸ் டிப்போ மெக்கானிக்கான அவள் கணவர் சீண்டுவார்.

அந்த வருஷம் அரசாங்கத்துக்குத் திடீரென்று நெல் மேல் ஆசை வந்தது. தரிசாகக் கிடக்கும் வயலில் மறுபடி நெல் போட்டால் உழவுக் கூலி உண்டு, உரம் உண்டு, வாய்க்காலையும் தூர் வாரித் தண்ணீர் விடுவோம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை, விதை பாஸாகியிருக்க வேண்டும். பாஸாகாவிட்டால் இந்த வருஷப் பணம் வேறு பகுதிக்குப் போய்விடும்.

இதை நம்பி ஒரு வேன்காரர் மூட்டையோடு வந்தார். ஒரு காலத்தில் விவசாயி. வாய்க்கால் அடைத்துப்போனதில் ஒன்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அவரைப் போல அறுபது குடும்பம் சேர்ந்து, கிணற்றடியில் ஒரு துண்டு நிலத்தில் தங்களுக்கான விதையைத் தாங்களே விளைவித்திருந்தார்கள். மாதிரியைக் கொடுத்துவிட்டு, "பாத்துப் பண்ணுங்கம்மா" என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் தலையை ஆட்டினாள்.

கோப்பின் மேல் 'அவசரம்' என்று சிவப்பில் அடித்திருந்தது. அங்கேதான் சனி பிடித்தது. அவசரம் என்ற முத்திரையைக் கண்டுபிடித்தவனுக்கு விதையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்பது என் கட்சி. நானூறு அக்கா அந்தச் சிவப்பை மட்டும் பார்த்தாள், மாதிரியோடு வந்த அட்டையில் இருந்த அறுவடைத் தேதியைப் பார்க்கவில்லை. நேரே எண்ணி, பரப்பி, சுருட்டி வைத்துவிட்டாள். பதினான்காம் நாள் பிரித்தபோது நூற்றுக்கு முப்பத்தொன்றுதான் முளைத்திருந்தது. மீதியைச் செத்தது என்ற கட்டத்தில் எழுதினாள். அதிகாரி கையெழுத்துப் போட்டார். அறிக்கை போய்விட்டது.

மறுநாள் காலை பழைய தாள்களைக் குப்பைக்கு அள்ளும்போது ஒரு நெல் அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. பழக்கதோஷத்தில் இடுக்கியால் அழுத்தினாள். செத்த நெல் அழுத்தினால் கூழாகப் பிதுங்கும். இது பிதுங்கவில்லை. இன்னொன்றை அழுத்தினாள், அதுவும் கல்லாட்டம் இருந்தது. நகத்தால் பிளந்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று, கெடாமல் இருந்தது.  ஓடிப்போய் அட்டையை எடுத்தாள். அறுத்துப் பத்தே நாளில் மாதிரி வந்திருந்தது. புது நெல் சில வாரம் தூங்கும், எவ்வளவு தண்ணீர் காட்டினாலும் எழுந்திருக்காது. ஐந்து நாள் மிதமான சூட்டு அடுப்பில் வைத்து எழுப்பிய பிறகுதான் பரப்ப வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் படித்த பாடம். தூங்குகிறவனைப் பார்த்து மூச்சு நின்றது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்!

வீட்டில் சொன்னாள். கணவர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார்.

"வேலியில போற ஓணானை எடுத்து ஏன் மடியில கட்டிக்கிறே? ரிட்டையராக இன்னும் மூணு வருஷம். உன் பேர்ல இதுவரைக்கும் ஒரு மெமோ உண்டா?"

"அந்த வேன்காரர் பேர்ல ஒன்பது வருஷம் தரிசு இருக்குங்க."

 மறுநாள் காலையில் கணவரே சாப்பாட்டு டப்பாவைக் கட்டி அவள் பையில் வைத்தார்.

அதிகாரி நல்ல மனுஷர், ஆனால் பயந்தாங்கொள்ளி. "நான் கையெழுத்துப் போட்டாச்சேம்மா" என்றார்.

"தப்பு என்னோடதுன்னு எழுதித் தரேன் சார். அதே மூட்டையில எடுத்து வச்ச காப்பு மாதிரி பீரோவுல இருக்கு. திரும்பப் பண்ண உத்தரவு மட்டும் குடுங்க. வாய்க்கால்ல தண்ணி விட இன்னும் இருபத்தஞ்சு நாள் இருக்கு."

எழுதிக் கொடுத்தாள். மெமோவும் வந்தது. அதைப் படித்து மடித்து வைத்துவிட்டு, நானூறு நெல்லைச் சூட்டு அடுப்பில் வைத்தாள். ஐந்து நாள் கழித்து ஈரத் தாளில் பரப்பினாள். அடுத்த ஐந்தாம் நாள் முதல் எண்ணிக்கைக்காகச் சுருளைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தாள் முழுக்க வெள்ளை வேரும் பச்சை நுனியுமாக இருந்தது. எத்தனை ஆயிரம் சுருளைப் பிரித்த கை அது! என்றாலும் அன்று பிரித்ததை உடனே சுருட்டவில்லை. யாருடைய அவசரத்துக்கும் மசியாமல், தன் நேரம் வரும்வரை உயிரை இத்தனை சின்ன உமிக்குள் பிடித்து வைத்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் வந்து பார்த்து, "நல்லா வந்திருக்குக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பதினான்காம் நாள் கணக்குத் தொண்ணூற்றாறு. புது அறிக்கையை வாங்க வந்த வேன்காரரிடம், போன தடவை விதை தூங்கிக்கொண்டிருந்தது என்று சொல்லிக் கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்து வேன்காரர் கூடத்து வாசலில் வந்து நின்றார். "ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்கம்மா" என்று கையோடு அழைத்துப் போனார்.

அவள் வேனை விட்டு இறங்கினாள். வாய்க்காலிலிருந்து ரோடு மேடு வரை, ரோடு தாண்டி அந்தப் பக்கமும், அறுபது குடும்பத்து நிலமும் ஒரே நெல். கதிர் வெளியே தள்ளி, பால் பிடித்து நின்றது. காற்று வீசினால் மொத்தமும் சாய்ந்து நிமிர்ந்தது. நெல்லை அவள் அறிந்ததெல்லாம் விரல் உயரம் வரைதான். பதினான்காம் நாள் எண்ணி முடித்ததும் எல்லாம் குப்பைக்குப் போய்விடும். தன் கையில் முளைத்த விதை பதினைந்தாம் நாள் என்ன ஆகும் என்று இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கினாள். பயிர் அவள் இடுப்பைத் தொட்டது.

பின்னாலேயே வந்த வேன்காரர், "இதுல எதும்மா அன்னிக்குத் தூங்கினது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"மூணுல ரெண்டு பங்குங்க. நான் செத்துப்போச்சுன்னு எழுதினது இவ்வளவையும்" என்றாள்.

அவருடைய சிரிப்பு நின்றது. அவரும் அப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல வயலைப் பார்த்தார்.