நாற்பத்தேழாம் நம்பர்காரனின் பெயர்

எங்கள் லோம்போக் தீவில் பிள்ளை பிறந்த அன்றைக்கே அப்பனுடைய பேர் போய்விடும். அதற்கப்புறம் அவன் இன்னாருடைய ‘அமாக்’. அமாக் என்றால் அப்பன். அமாக் ரூமிசாவுக்கும் அப்படித்தான். மூத்தவள் ரூமிசா பிறந்து பதினாலு வருஷமாகப் பெற்ற தாயே அவனை வேறு பேரில் கூப்பிட்டதில்லை.

மூன்று வருஷ ஒப்பந்தத்தில் மலேசியாவின் பகாங் செம்பனைத் தோட்டத்துக்கு வந்தான். அவனுக்கு நான்தான் மண்டோர், அதாவது மேஸ்திரி. காலையில் நம்பர் சொல்லித்தான் ஆள் பிரிப்பேன், அவன் நாற்பத்தேழு. நெட்டை ஆள். கழி அரிவாளைத் தூக்கினால் குலை தானாக விழும். ஆனால் காக்கிச் சட்டை என்றால் அவனுக்கு ஆகாது. உர லாரிக் காவலாளியைப் பார்த்தே மரத்துக்குப் பின்னால் ஒதுங்குவான்.

“உன்கிட்டதான் பெர்மிட் இருக்கே, அப்புறம் எதுக்குய்யா ஒளியிற?”

“இருக்குதான், அண்ணே. கால் கேக்க மாட்டேங்குது.”

ஒப்பந்தம் முடிய நாலு மாதம் இருந்தபோது, காலை எட்டு மணிக்குக் குடிவரவு இலாகா வண்டிகள் வந்தன. எங்களைக் களத்தில் குந்த வைத்தார்கள். பாஸ்போர்ட் எல்லாம் புதுப்பிக்கப் போயிருந்தன, நகல்தான் கையில். மற்றவர்கள் நகலைப் பிளாஸ்டிக்கில் போட்டு வைத்திருந்தார்கள். இவன் சட்டைப் பையில் வைத்து வேர்வையில் ஊறவிட்டிருந்தான். மூஞ்சி இருந்த இடத்தில் கறுப்பு மை. பேர் இருந்த இடத்தில் ஓட்டை.

அதிகாரி தோட்டத்துப் பெயர்ப் பட்டியலைப் படித்தார்; அதில் நம்பர் கிடையாது. ஒவ்வொருவனாக எழுந்து அந்தப் பக்கம் போனான். கடைசியில் இவன் ஒருத்தன்தான் குந்தியிருந்தான். பட்டியலில் மிச்சம் இரண்டு பேர்: மஹ்னிம், மஹ்சுன். ஒருத்தன் போன மாதம் ஓடிப்போனவன். அவனும் எங்களுக்கு யாரோ ஒருத்தியின் அமாக்தான். எது யாருடைய பேர் என்று எனக்குத் தெரியவில்லை.

“உன் பேர் என்னடா?”

“அமாக் ரூமிசா, துவான்,” என்றான். துவான் என்றால் ஐயா.

“பட்டியல்ல இல்லையே! ஆள் மாறாட்டமா?”

அவன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. ஏஜெண்டு விமான நிலையத்தில் நூறு தரம் சொல்ல வைத்த பேர், அந்த நேரத்தில் வரவில்லை. காற்சட்டை நனைவதைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தோம். ஒருவனும் சிரிக்கவில்லை.

“மண்டோர், நீ சொல்லு. இவன் எவன்?”

ஓடிப்போனவன் பேரைச் சொல்லிவிட்டால் இவன் இலாகா லாரியில் ஏறுவான், கூடவே நானும். “மகள்கிட்ட கேக்கலாம், துவான்,” என்றேன். அவன் கைபேசியில் ஊருக்குக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டேன்.

“ரூமிசா, உங்கப்பா பேர் என்னம்மா?”

“அமாக் ரூமிசா, மாமா. இதென்ன கேள்வி?”

“அது இல்ல. பள்ளிக்கூடச் சான்றிதழ்ல இருக்கிறது.”

“அய்யோ, அப்பா பேரை நான் வாயால சொல்றதா! அவரு கேட்டா என்னைக் கொன்னுடுவாரு.”

“இங்கதான் இருக்காரு. சொல்லு தாயி.”

“மாட்டேன் மாமா, பாவம்!”

அதிகாரி லாரிக்காரனுக்குக் கையசைத்தார். நான் கத்தினேன்: “சொல்ல வேணாம்டி, எழுத்தெழுத்தா படி!”

காகிதம் சரசரத்தது. “எம்… ஏ… ஹெச்…”

இரண்டு பேருக்கும் அதுவரைக்கும் ஒரே எழுத்து. அதிகாரியின் விரல் பட்டியலில் நின்றது. அவன் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். நகம் இறங்கியது.

“மாமா, சிக்னல் போவுது… கேக்குதா?”

“அடுத்தது! அடுத்தது என்னடி?”

“என்… ஐ… எம்.”

விரல் மஹ்னிம் மேல் இறங்கியது. “எழுந்து போடா. பேரைக்கூட மறக்கிற கழுதை!”

விட்டுவிட்டார்கள். அவனை நாங்கள் இரண்டு பேர் தூக்கித்தான் நாங்கள் தங்கும் கொங்சி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் பாய்க்கு மேலே பலகைச் சுவரில் கரியால் பேரை எழுதி வைத்தான். எங்களையும் அப்படியே கூப்பிடச் சொன்னான். யாருக்கும் வாய் வரவில்லை.

அதற்கப்புறம் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அரிவாளைப் போட்டுவிட்டு விறைத்து நிற்பான். நேற்றுத் தண்ணீர் லாரி வந்தது.

“மஹ்னிம், துவான்!” என்று லாரியைப் பார்த்துக் கத்தினான்.

ஓட்டுநர் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. என் பேரை உதட்டுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.