அண்ணன் மாற்றிய ஆயில்

அப்பா போன பிறகு அவருடைய பழைய கார் என்னிடம் வந்தது. அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. சென்னையிலிருந்து ஸ்ரீரங்கம் வரும்போதெல்லாம் காரைச் சுற்றிச் சுற்றி வந்து குறை சொல்வான்.

அந்த எஞ்சினுக்கு நான் கெட்டியான மினரல் ஆயில்தான் ஊற்றுவேன், 20W-50. ஓடி ஓடித் தேய்ந்த எஞ்சின். மெல்லிய ஆயில் சூட்டில் இன்னும் இளகி, ஓட்டை உடைசல் வழியாக ஒழுகிவிடும்.

போன சித்திரையில் வந்தவன், நான் ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் காரை எடுத்துப்போய் ஆயிலை மாற்றிவிட்டான். என்னிடம் மூச்சுவிடவில்லை. மறுநாள் காவிரிப் பாலத்து நெரிசலில் ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தது. உடனே எஞ்சினை அணைத்தேன். பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இறங்கி ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தால், தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று. அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்த அவனைப் போனில் கூப்பிட்டேன்.

"ஆயிலை மாத்துனியா?"

"ஆமா. ஃபுல் சிந்தெடிக், லேசான ஆயில். என் கார்ல ஊத்துறதுதான். இருக்கறதுலயே நல்ல ஆயில் அது."

"நல்ல ஆயில்னா உன் கார்லயே ஊத்திக்க. என் காரைத் தொடச் சொல்லி உன்ன யாரு கேட்டா?"

"உன் காரா? அது அப்பா கார்டி."

"அப்பாவை ஆஸ்பத்திரிக்கு இதுலதான் கூட்டிட்டுப் போனேன். நீ அப்பவும் போன்லதான் இருந்த."

அவன் போனை வைத்துவிட்டான்.

ஒரு வேனில் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். ஆயிலை வடித்து, கசிந்த இடத்து ரப்பர் சீல் ஒன்றை மாற்றி, பழைய கெட்டி ஆயிலையே ஊற்றினார்கள். எஞ்சின் தப்பித்தது. வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பா காலத்திலிருந்து அவனிடமிருந்த இன்னொரு சாவியைக் கேட்டேன். என் கையில் கொடுக்காமல் தரையில் போட்டான். குனிந்து எடுத்துக்கொண்டேன். பாதிச் சோற்றில் எழுந்து ரயிலுக்குப் போய்விட்டான்.

அவன் மகள் கல்யாணப் பத்திரிகை கூரியரில் வந்தது. "பெரிய மனசு பண்ணி ஒரு எட்டு போயிட்டு வந்துடுவோம்" என்றார் என் கணவர். நான் போகவில்லை. முகூர்த்தத்தன்று லால்குடி வரைக்கும் காரை ஓட்டிவிட்டு வந்தேன். தங்கச்சி வரவில்லை என்று அவனுக்கு அவமானமாக இருந்திருக்கும். இருக்கட்டும்.