சாதிக்காய் ராணி

போன வாரம் மகள் வீட்டில் மருமகன் தன் போனில் உலகச் சதுரங்கப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார். நேரடி ஒளிபரப்பு. நானும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை ஏறி இறங்கியது. என்னவென்று கேட்டேன். யார் கை ஓங்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்கிறதாம். அடுத்து எந்தக் காயை எங்கே வைக்க வேண்டும் என்றும் அதுவே அம்புக்குறி போட்டுக் காட்டியது. அப்படியானால் நீங்கள் எதற்காக உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். மருமகன் சிரித்தார். மகள் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, வட்டிலப்பம் அவிக்கச் சாதிக்காய் துருவப் போய்விட்டாள்.

அந்த வாசம் வந்ததுதான் தாமதம், எனக்குப் போட்டி மறந்துபோனது. அறுபதுகளின் நடுவில், மாத்தளையில், ஜுனைத் முதலாளியின் சரக்கு ஸ்டோரில் நான் கிளார்க். சாதிக்காய், கராம்பு, மிளகு, புளித்த கொக்கோ என்று எல்லா வாசமும் சட்டையில் ஏறி, எத்தனை தோய்த்தாலும் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "பல்வலியா தம்பி?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். இருபத்திரண்டு வயதுக்காரனை எந்தப் பெண் திரும்பிப் பார்ப்பாள், நீங்களே சொல்லுங்கள்.

முதலாளியின் தங்கை கணவர் ஹமீது. எங்களுக்கெல்லாம் நானா, அதாவது அண்ணன். கடைத்தெருவில் மணிக்கூடு திருத்துகிறவர். அவர் கடைச் சுவரில் இருபது மணிக்கூடுகள், இருபது நேரம். திருத்தும் மேசையில் சதுரங்கப் பலகைதான் எப்போதும் விரிந்து கிடக்கும். நாலு மணியானால் நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடிவிடுவோம். எங்களில் மூத்தவர் பஸ் ஸ்டாண்ட் டைம்கீப்பர் செல்லையா அண்ணன். ஊருக்கே நேரம் சொல்ல வேண்டியவரின் கைக்கடிகாரம் எட்டு மாதமாக நானாவின் மேசையில் வயிறு திறந்து கிடந்தது. மாத்தளையிலிருந்து பஸ்கள் புறப்பட்ட நேரத்துக்கு நாங்களும் ஒரு வகையில் பொறுப்பு.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்தவர் நானாவின் மனைவி சுலைஹா. அவரை அக்கா முறையில் ராத்தா என்போம். அந்த வருடம் கண்டியில் நடந்த மலைநாட்டுப் போட்டியில் நானா இறுதியாட்டம் வரைக்கும் போய்விட்டார். ஊரே பூரித்துப்போனது, ராத்தாவைத் தவிர. ஆட்டத்துக்கு முதல் நாள், நாங்கள் எல்லோரும் கடையில் இருக்கும்போதே வந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "கப்போட வாங்க. இல்லாட்டி இந்தப் பலகை அடுப்புக்குப் போகும். வல்லாஹி, சும்மா சொல்லல்ல."

ஆக, நானா தோற்றால் கோப்பை மட்டும் போகாது. எங்கள் நாலு மணியும் போய்விடும். எங்களுக்கு அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அன்று ஸ்டோர் பூட்டு என்பதால் அங்கே இருந்த டெலிபோன் சும்மா கிடந்தது. ஆட்டம் நடக்கிற மண்டபத்துக்கு எதிரேயுள்ள ஹோட்டலில் வேலை செய்த என் சிநேகிதன் கனகு, ஓடி ஓடிப் பார்த்துவந்து ஒவ்வொரு நகர்த்தலையும் சொல்வதாக ஏற்பாடு. நானா பலகையைக் கையோடு கண்டிக்குக் கொண்டுபோய்விட்டதால், ஸ்டோர்த் தரையில் சோக்கட்டியால் கட்டம் கீறினோம். ஏலக்காய்களும் கராம்புகளும் சிப்பாய்கள். கறுவாப்பட்டைத் துண்டுகள் குதிரைகள். உரித்த சாதிக்காய் ராஜா, சிவப்புச் சாதிபத்திரி சுற்றியபடியே இருக்கிற சாதிக்காய் ராணி. அந்த அலங்காரம் செல்லையா அண்ணனுடைய யோசனை. மதியத்துக்குள் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். அதில் பாதிப் பேருக்குக் குதிரை எப்படிப் போகும் என்றே தெரியாது. ஆனால் அபிப்பிராயம் மட்டும் எல்லோருக்கும் இருந்தது.

இருபத்தாறாவது நகர்த்தல் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக வந்தது. நானாவின் முறை. அப்போது பார்த்து, கண்டிக்குப் போகிற வழியில் அக்குறணைப் பக்கம் மழை பிடித்து, லைன் செத்துவிட்டது. பத்து நிமிடம். இருபது நிமிடம். நான் டெலிபோனைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தேன். கனகு சொன்னதை நான்தான் மறைக்கிறேன் என்று செல்லையா அண்ணன் சந்தேகப்பட ஆரம்பித்தார். யாரோ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

டெலிபோன் மேசைக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை. அந்தப் பக்கம் முதலாளியின் வீடு. திரைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"தம்பி, ராணிய அந்த மூலையில நிக்கிற ராஜாக்குப் பக்கத்துலயே வச்சா என்ன?"

அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த சுலைஹா ராத்தா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்கச் சொல்கிறாரே, பாவம், விளையாட்டுத் தெரியாத பெண் என்றுதான் நினைத்தேன். ஆனால் நாற்பது பேர் என்னைத் தின்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி பயம், பாதி குறும்பு. டெலிபோனை எடுத்து, "ஹலோ, கண்டியா? கனகா?" என்று வெறும் காற்றோடு பேசிவிட்டு அறிவித்தேன். நானா ராணியைக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் போதாது. நானாவுக்குப் பைத்தியம் என்றார்கள் சிலர். கண்டிக்காரர்கள் தேத்தண்ணியில் எதையோ கலந்துவிட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். முதலாளிதான் நிதானமாகச் சொன்னார். "என்ட மச்சான் எதையும் லேசுல குடுக்கிற ஆள் இல்ல. ஒரு மணிக்கூட்டையே எட்டு மாசமா குடுக்கல்ல. இதுல விசயம் இருக்கு."

செல்லையா அண்ணன் முழங்காலிட்டுக் குனிந்தார். ராணியை எதிரி ராஜா எடுக்க முடியாது, நானாவின் குதிரை காவல் நிற்கிறது. கோட்டைதான் எடுக்க வேண்டும். எடுத்தால் ராஜா தன் ஆட்களுக்கு நடுவிலேயே நகர வழியில்லாமல் அடைபட்டுப்போவார். அப்புறம் குதிரை ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் ஆட்டம் முடிந்தது. அண்ணன் எழுந்து, ஏலக்காய்ச் சிப்பாய்களை மிதித்துக்கொண்டே வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் அழுதது எனக்குத் தோளில் தெரிந்தது. கோவிலடிப் பூக்கடைக்கு மாலை வாங்க ஆள் போய்விட்டது.

அந்த ஆரவாரத்துக்குள் டெலிபோன் அடித்தது. நிஜமான கனகு.

"நானா ராணியப் பின்னுக்கு இழுத்துட்டாருடா. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணாப் போச்சு. தோத்துட்டு பஸ்ஸும் ஏறிட்டாரு."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நானா பஸ் ஏறிவிட்டாராம் என்று சொன்னேன். அதில் பொய் இல்லை.

ஆறு மணி பஸ்ஸில் நானா வந்தார். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியில் கால் வைக்குமுன்பே கழுத்தில் மாலை விழுந்தது. அந்த ராணியைக் கொடுத்த கொடையைப் பற்றிச் செல்லையா அண்ணன் பேசத் தொடங்கினார்.

"எந்த ராணி?" என்றார் நானா.

அண்ணன் தன் உள்ளங்கையில் விரலால் கட்டம் கீறிக் காட்டினார். நானா அந்தக் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். "நான் இதக் காணல்லயே செல்லையா. நான் தோத்துட்டு வாறேன்."

நானா நிமிர்ந்து கேட்டார். "இதக் கண்டது யாரு?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த நிமிடம் ஏதாவதொரு பஸ்ஸுக்கடியில் புகுந்துவிடலாமா என்றிருந்தது. "ராத்தா" என்றேன்.

நானா மாலையைக் கழற்றிப் பலகைமேல் வைத்து என்னிடம் நீட்டினார். "கொண்டுபோய்க் குடுங்க தம்பி. சொன்னது சொன்னதுதான்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். மனம் பொறுக்காமல், இந்த விளையாட்டு எப்படித் தெரியும் என்று கேட்டும்விட்டேன். "இருபது வருசமா தேத்தண்ணிக் கோப்பை வைக்க எடம் தேடித் தேடி இந்தப் பலகையத்தானே பாத்துட்டிருக்கேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் அவர்கள் வீட்டுக் கூரைமேல் எழும்பிய அடுப்புப் புகையை, செல்லையா அண்ணன் தெருவில் நின்று, தொப்பியைக் கழற்றிக்கொண்டு பார்த்தார்.

ஒரு மாதம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதற்குள் கடையில் மணிக்கூடுகளெல்லாம் ஒரே நேரம் காட்டத் தொடங்கின. அண்ணனின் கைக்கடிகாரமும் திரும்பி வந்தது. பஸ்கள் நேரத்துக்குப் புறப்பட்டதால் பல பேர் பஸ்ஸைத் தவறவிட்டுத் திட்டினார்கள். நாலு மணியானால் நானா கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பாவம், கடையில் இருந்தால் பலகை ஞாபகம் வரும்போல என்று பேசிக்கொண்டோம்.

ஒரு நாள் முதலாளி கொடுத்த பலாப்பழத்தோடு அவர்கள் வீட்டுப் பின்பக்கம் போனேன். குசினி ஜன்னலுக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், எரியாத பலகை. அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேர். நானா ஒரு காயைத் தொட்டுவிட்டு ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். ராத்தா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"தொட்டா தொட்டதுதான். வைங்க."

பலாப்பழத்தை வாசலில் வைத்துவிட்டுச் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன். செல்லையா அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அவர் அந்தப் புகையை நம்பியே காலமானார்.

நானாவும் ராத்தாவும்கூட இப்போது இல்லை. ஸ்டோர் இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட போன் கடை. எந்த லைனும் சாவதில்லை, எந்த நகர்த்தலுக்கும் ஒருவரும் காத்திருப்பதில்லை. அன்று அந்த இருபது நிமிடம் டெலிபோன் பேசியிருந்தால், திரைக்குப் பின்னால் அப்படியொரு ஆள் நின்றது யாருக்குமே தெரிந்திருக்காது.

மருமகனின் போனில் அம்புக்குறி வரும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, அடுத்த நகர்த்தலுக்குக் காத்திருந்தேன். குசினியிலிருந்து சாதிக்காய் துருவுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.